முத்துச்செல்வம் வந்து சேர்ந்த விவரம்

முத்துச்செல்வம் செத்துப் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, காஷ்மீரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு தூத்துக்குடி வந்து சேர்ந்தான். சொன்ன நேரத்துக்குக் கால் மணி தாமதம். அவன் உயிரோடு இருந்த காலத்தில் எந்தக் காரியத்துக்கும் முக்கால் மணிக்குக் குறைந்து தாமதமாக வந்ததில்லை என்பதால், செத்தது அவனைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறது என்று மிளகாய்வத்தல் மண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது மூன்று பேர். முத்துச்செல்வம், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்த அவன் பள்ளிக்கூட சிநேகிதன் அமலன், முத்துச்செல்வத்தின் பெண்டாட்டி அருணாசலவடிவுக்குத் தம்பியான சிவப்பிரகாஷ். பின்னால் ஒரு வேன், அதில் அடுப்பு, ஸ்பேர் டியூப், அரிசி, இரண்டு டின் நல்லெண்ணெய். ஸ்ரீநகரில் ஆரம்பித்து மூவாயிரத்து அறுநூறு சொச்சம் கிலோமீட்டர். எல்லாவனும் கன்னியாகுமரியில் முடிக்கிறான், நாம் ஏன் அடுத்தவன் ஊரில் போய் முடிக்க வேண்டும் என்று சொல்லி, தங்கள் மண்டி வாசலையே முடிவுக் கோடாக வைத்தவர் முத்துச்செல்வத்தின் அண்ணன் மகாராஜன். பனியனில் மண்டியின் பெயர், வேனில் மண்டியின் பெயர், மூன்று பேருடைய தொப்பியிலும் மண்டியின் பெயர். காஷ்மீரில் யார் தூத்துக்குடி மிளகாய்ப்பொடி வாங்கப் போகிறார் என்று கேட்டவர்களிடம், பனிக்கட்டி தின்கிறவனுக்குத்தானே காரம் வேணும் என்றார். மகாராஜன் அண்ணாச்சியிடம் பேசி ஜெயித்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை; ஒருவர் இருந்தார், அவர் ஏரலுக்குக் குடிபோய்விட்டார்.

நாக்பூருக்குத் தெற்கே பாண்டர்கவடா தாண்டி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்த முத்துச்செல்வம் நிமிரவில்லை. வெயில் நூற்றுப் பத்து டிகிரி. அங்கிருந்த டாக்டர் இதயம் என்றார். உடம்பைப் பெட்டியில் வைத்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். சிவப்பிரகாஷ் கூடவே கிளம்ப ஆயத்தமானான். மகாராஜன் போனில் தடுத்தார். ஒருத்தன் போய்ட்டான், அதுக்காக மத்த ரெண்டு பேரும் பாதியில விட்டா அதுவும் நட்டம்தானே, அவன் பேருக்காவது முடிங்க என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நாள் பெட்டி ஊர் வந்து சேர்ந்தது. வெயிலில் வந்த உடம்பு, திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். வடிவு, முகத்தை ஒருதரம் பாத்துக்கிடுதேன் என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் வேறு வேறு ஆள்கள் வேறு வேறு காரணம் சொன்னார்கள். பெட்டியோடு எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து குளித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, அங்கே ரோட்டில் மிதித்துக்கொண்டிருந்த அமலன் திரும்பிப் பார்த்தபோது பின்னால் இருநூறு அடியில் முத்துச்செல்வம் வந்துகொண்டிருந்தான். மூன்றாம் நாள் என்பதால் அமலனுக்குப் பெரிய ஆச்சரியமில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மகாராஜனுக்குப் போன் செய்தான்.

“அண்ணாச்சி, அவன் எங்ககூடத்தான் வாரான்.”

“வேகமா வாரானா?”

“எப்பவும் போல பின்னாலதான்.”

மகாராஜன், பனியன் போட்டிருக்கானா என்று கேட்டார். போட்டிருந்தான்.

சேதி வந்ததிலிருந்து வடிவு அழுகையை நிறுத்திவிட்டாள். தினமும் சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டாள். அவர் சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, அவர் டியூப் மட்டும் பஞ்சராவதில்லை என்று அவன் சொன்னான். போனைக் கொடு என்றால், வாங்க மாட்டேங்கிறார் அக்கா, வாரேன்னு சொல்லச் சொல்லுதார் என்றான். படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். படத்தில் ரோடும் புளியமரமும் மட்டும் இருந்தன. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பெட்டிக்குள் பார்க்க விடாத அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஹைதராபாத் வந்தாச்சு, கர்னூல் வந்தாச்சு என்று காலண்டரில் ஊர்ப்பெயர்களை எழுதி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் மகாராஜன் முன்னால் வந்து நின்று, ஆளு சைக்கிள்ல வந்துக்கிட்டிருக்கும்போது நான் எதுக்குத் தாலியைக் கழத்தணும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மகாராஜன் நியாயமாகவே பதில் சொன்னார். வருகிறவன் வரட்டும், அதை யார் வேண்டாம் என்றது. ஆனால் கொள்ளி வைத்தது நம் கை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அட்டை அடித்து உடன்குடி, சாத்தான்குளம் வரைக்கும் கொடுத்தாகிவிட்டது. சமையலுக்கு ஆள் பேசியாகிவிட்டது. கூப்பிட்ட சொந்தத்தை வராதே என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. விசேஷம் நடந்தது. அவள் தாலியைக் கழற்றிப் பாலில் போட்ட அதே நேரத்தில், திண்டுக்கல் பக்கத்தில் அவன் சைக்கிளில் முதல் தடவையாகச் செயின் கழன்றது என்று சிவப்பிரகாஷ் பிற்பாடு சொன்னான். அவன் இறங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வரவேற்புக்கு பேண்டு செட், ரோஜாமாலை, சால்வை, சிவப்பு ரிப்பன். மண்டி வாசலில் வரவேற்பு பிளெக்ஸ், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். இரண்டும் ஒரே கடையில் ஒரே போட்டோவை வைத்து அடித்தவை. அஞ்சலி பிளெக்ஸை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, முப்பது நாளைக்குப் பேசியிருக்கு என்று மகாராஜன் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையூரணி வரைக்கும் மோட்டார் சைக்கிள்களில் எதிர்கொண்டு போனவர்கள் மூன்று பேரையும் கூட்டி வந்தார்கள். முத்துச்செல்வம் தன் அஞ்சலிக்கு அடியில் புகுந்து வந்தான். கறுத்திருந்தான். மற்றபடி பார்வைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயிரோடிருந்த இரண்டு பேரைவிடத் தெளிச்சியாக இருந்தான் என்று சொன்னவர்களும் உண்டு.

ஆரத்தித் தட்டோடு நின்றது மகாராஜனின் பெண்டாட்டி முருகேஸ்வரி. வடிவை வீட்டில் பின்கட்டில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு சித்திமார்களைக் காவல் வைத்திருந்தார்கள். நல்ல காரியத்தில் தாலியறுத்தவள் முகத்தில் விழிக்கக்கூடாது. சரக்கு லாரி கிளம்பும்போது எதிரே கைம்பெண் வந்தால் லாரியையே திருப்பி உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிற குடும்பம் அது.

முத்துச்செல்வம் ரிப்பனுக்குப் பத்தடி முன்னால் காலை ஊன்றி நின்றான். பேண்டு செட் இரண்டு பாட்டு வாசித்து ஓய்ந்தது.

“வடிவு எங்க?” என்றான்.

“அவ வரக்கூடாதுல்லா,” என்றார் மகாராஜன். “நீ தாண்டி வா.”

“ஏன் வரக்கூடாது?”

“தாலியறுத்தவ எப்படிலே முன்னால வந்து நிப்பா?”

“யாருக்கு அறுத்தா?”

மகாராஜன் சால்வையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“உனக்குத்தாம்லே.”

முத்துச்செல்வம் அதை யோசித்துப் பார்த்தான். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை; சொல்லில் ஓட்டையில்லை என்று அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் அவள் வராமல் தாண்ட மாட்டேன் என்று நின்றான். ஐயரைக் கேட்டார்கள். இப்போதே ஒரு மஞ்சள் கயிற்றை இவன் கையால் கட்டச் சொன்னால் என்ன என்று அமலன் யோசனை சொன்னான். கட்டுகிறவன் செத்தவன் என்றால், கட்டி முடித்த நிமிஷமே அவள் மறுபடி அறுக்க வேண்டிவரும், அதற்கு இன்னொரு பதினாறு என்றார் ஐயர். இன்னொரு பந்தி என்றதும் மகாராஜன் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அமலனையும் சிவப்பிரகாஷையும் வைத்து ரிப்பனை வெட்டினார்கள். படம் எடுத்தார்கள். எல்லாரும் மண்டபத்துக்குச் சாப்பிடப் போனார்கள். சிவப்பிரகாஷ் மட்டும் அத்தானை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான், பசி.

சித்திமார்களும் முதல் பந்திக்குப் போனதால் வடிவு பின்வாசல் வழியாக வந்துவிட்டாள். தெருவில் யாருமில்லை. வெட்டின ரிப்பனின் ஒரு துண்டு மின்கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஓடிவந்தாள். முத்துச்செல்வம் நிமிர்ந்து பார்த்தான். நெற்றி, பிறகு கழுத்து: சகுனம் பார்க்கிறவர்களின் கண் போகிற வரிசை அது. இரண்டும் வெறுமை. மண்டியில் ஐந்து வயதிலிருந்து பழகிய கண், முகத்துக்குப் போய்ச் சேரவில்லை. கை தானாகவே ஹேண்டில்பாரைத் திருப்பியது.

“ஏங்க, நாந்தான்,” என்று வடிவு கூப்பிட்டாள்.

பின்னாலிருந்து கூப்பிடுவது இரண்டாவது தடை. அவன் திரும்பவில்லை.

தடை பட்டால் கிளம்பின இடத்துக்கே போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும் என்பது முறை. அவன் கிளம்பின இடம் ஸ்ரீநகர். போனான். போக ஆறு மாதம், வர ஆறு மாதம். செத்தபிறகு என்ன அவசரம். அடுத்த சித்திரையில் அவன் வருகிறான் என்று லாரி டிரைவர்கள் சேலத்திலிருந்தே சொல்லியனுப்பினார்கள். இதற்குள் மகாராஜன் பொட்டலத்தில் தம்பியின் படத்தைப் போட்டு, செத்தாலும் விடாத காரம் என்று அச்சடித்திருந்தார். நன்றாக ஓடியது. இந்த முறை வடிவு திருச்செந்தூர் சன்னதித் தெருவில் மஞ்சள் கயிறும் குங்குமமும் வாங்கிவந்து, தானே கட்டிக்கொண்டு, தானே வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றாள். முருகேஸ்வரி பார்த்துவிட்டாள். ஏளா, ஊரு சிரிக்கும்ளா, எங்க வீட்டுல இன்னும் மூணு கல்யாணம் கிடக்கு என்று சொல்லித் தன் முந்தானையாலேயே குங்குமத்தைத் துடைத்துக் கயிற்றை இழுத்தாள். புதுக்கயிறு லேசில் அறவில்லை. கழுத்தில் சிவப்பாகத் தடம் விழுந்தது. அறுந்த நேரமும் அவன் முனை திரும்பின நேரமும் ஒன்றாயிருந்தது. அவன் கண் வழக்கம்போல நெற்றிக்கும் கழுத்துக்கும் போனது. சைக்கிள் திரும்பியது.

மூன்றாவது வருஷம் ஊருக்குச் சலித்துவிட்டது. எட்டையபுரம் தாண்டிவிட்டான் என்று சேதி வந்தபோதும் மண்டியில் எடை போடுகிறவர்கள் தலையைத் தூக்கவில்லை. இரண்டு வருஷம் யோசித்ததில் வடிவுக்கு ஒன்று தெளிவாகியிருந்தது. அவனை வரவிடாமல் செய்கிறது அண்ணாச்சியில்லை, ஐயரில்லை, தன் முகம்தான். அன்றைக்கு அவள் தெருவுக்குப் போகவில்லை. வாசலறையைப் பெருக்கி, பாய் விரித்து, நடுக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். முத்துச்செல்வம் காலியான தெருவில் வந்து, ரிப்பன் இல்லாத இடத்தைத் தாண்டி, வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாத்தினான். மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சவாரி அப்படித்தான் முடிந்தது. எதிரே டீக்கடைக்காரர் மட்டும் பார்த்தார். வடை போட்டுக்கொண்டிருந்ததால் கை தட்டவில்லை.

“வடிவு,” என்று கூப்பிட்டான்.

“உள்ள வராதீங்க,” என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. “என்னைப் பாத்தா போயிருவீங்க.”

“ஏன் போகப்போறேன்?”

“நீங்க செத்துட்டீங்க. நான் அறுத்துட்டேன்.”

அவன் பாயில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

“சரி,” என்றான். “நீ சாப்பிட்டியா?”

அன்றிலிருந்து அவன் வாசலறையில் இருக்கிறான், அவள் உள்கட்டில் இருக்கிறாள். ரேஷன் கார்டில் பெயர் எடுத்தது எடுத்ததுதான். மறுபடி சேர்க்க இறந்தவர் நேரில் வர வேண்டும் என்றார்கள், போனான், உயிர்ச் சான்று கேட்டார்கள், வந்துவிட்டான். மகாராஜன் அவனைச் சும்மா இருக்க விடவில்லை. வத்தல் சாம்பிளை ஏரலுக்கும் திருச்செந்தூருக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். சாப்பாடும் டீயும் கேட்காத ஆள் மண்டிக்கு முதல் தடவையாகக் கிடைத்திருக்கிறான். காலையில் எதிரே கைம்பெண்கள் யாராவது வந்துவிட்டால் பழக்கதோஷத்தில் மறுபடி ஸ்ரீநகர் போய்விடுவானே என்று, அவன் புறப்படுகிற நேரத்தில் தெருவில் அப்படிப்பட்டவர்கள் வெளியே வரக்கூடாது என்று மகாராஜன் கட்டுப்பாடு வைத்தார். அந்தத் தெருவில் அவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஒன்பது மணி தாண்டித்தான் தண்ணீருக்கு வருகிறார்கள்.

நடுக்கதவில் ஒரு விரற்கடை இடுக்கு இருக்கிறது. அதன் வழியாக வடிவு அவன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள், வேண்டும் மட்டும். அவன் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவள் எப்படி இருப்பாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது என்று ஒருநாள் அவளிடமே சொன்னான். பரவாயில்லை என்றாள். சாயங்காலங்களில் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஊதி இடுக்கு அடைத்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதம் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது.