கதிர் மாத்திரை

கண்டி ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாவுக்குக் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை. அதைத் தாதி ஈயக் குப்பியிலிருந்து இடுக்கியால் எடுத்த பக்குவத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கழுத்தில் வீங்கிய தைராய்டு சுரப்பி தலைகால் தெரியாமல் வேலை செய்து, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, அவளைத் தேயிலைக் கொழுந்து பறிக்க விடாமல் ஆக்கியிருந்தது. அந்தச் சுரப்பிக்கு அயடீன் என்றால் அவ்வளவு ஆசையாம். அதனால் கதிர்வீச்சுள்ள அயடீனையே விழுங்கக் கொடுத்து அதன் கொட்டத்தை அடக்குகிறார்கள்.

"ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, ஒங்க ஒடம்புலருந்தும் கதிர் வரும். தட்டு, தம்ளரு தனியா வச்சுக்குங்க. தனியாப் படுங்க. சின்னப் புள்ளைங்க, வயித்துப் புள்ளக்காரிங்க கிட்ட மட்டும் போயிராதீங்க" என்றாள் தாதி.

சொல்வது சுலபம். ஹட்டனுக்கு மேலே, ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாக இருக்கும் லயத்து வரிசை வீட்டில் தனியாக எங்கே படுப்பது? கணவர் இராமையா பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணைக்குப் போனார். பேச்சியம்மா அடுப்படியோடு ஒடுங்கினாள். லயத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் வெந்நீர் வைப்பார்கள். ஆனாலும் மாத்திரையைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்க விடுவார்களா? தன்னை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தாள். ஒதுக்குவது எப்படி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் மகள் பிரியந்தி, மஸ்கெலியாவில் ஆட்டோ ஓட்டும் ஜீவராஜைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. மருமகன் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது மற்ற எல்லோருக்கும் சில்வர் தம்ளரில் தேத்தண்ணி, அவனுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். அவன் அதிலேயே குடித்தான். கப்பைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். மகள் சண்டைக்கு வந்தபோது, "தம்ளரு கழுவாமக் கெடந்துச்சுடி, மாரியாத்தா மேல சத்தியம்" என்று பேச்சியம்மா அடித்துச் சொன்னாள். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது.

மாத்திரை விழுங்கிய அந்த வாரத்திலேயே, இராமையா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று யாரோ சொல்ல, மனசு கேட்காமல் மகள் வந்திருக்கிறாள். பின்னால் பழப் பையோடு ஜீவராஜ். பிரியந்தியின் வயிறு மேடு தட்டியிருந்தது. பேச்சியம்மாவுக்கு அது அப்போதுதான் தெரியும். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தவித்தாள்.

"அங்கயே நில்லு! உள்ள வராத!" என்று கத்தினாள்.

இருவரும் அப்படியே நின்றார்கள். ஜீவராஜின் கண் அடுப்படி ஜன்னலுக்குப் போனது. அங்கே ஒரு தட்டும் ஒரு தம்ளரும் தனியாகக் கவிழ்ந்திருந்தன.

"நமக்குத் தனியா எடுத்து வச்சாச்சு போல. வா, போவோம்" என்று சிரித்தான்.

"அய்யோ, அது எனக்கு! நான் திங்கிற தட்டு! ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துருக்காங்க. ஒடம்புலருந்து கதிர் வருது, வயித்துப் புள்ளைக்கு ஆகாது."

"அன்னைக்குத் தம்ளரு கழுவல. இன்னைக்குக் கதிரா, மாமி?"

பிரியந்தி அம்மாவையே பார்த்தாள். "இதுக்கும் மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுவியா?"

பேச்சியம்மா வாயைத் திறந்தாள். சத்தியம் வரவில்லை. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜீவராஜ் ஆட்டோவில் ஏறி எஞ்சினை முடுக்கினான். இன்றைக்குப் போனால் இனி வரமாட்டார்கள். மகளும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை.

"மாப்பிள்ள!"

அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"அன்னைக்குத் தம்ளரெல்லாம் கழுவித்தான் இருந்துச்சு. நான் சாதி பாத்துத்தான் கப்புல குடுத்தேன். ஆத்தா மேல பொய்ச் சத்தியம் பண்ணுனேன். இது அது இல்ல மாப்பிள்ள. இது நெசமாவே மருந்து."

லயமே கேட்டது. பேச்சியம்மாவுக்கு மானம் போனது. நியாயமாகத்தான் போனது, அதை இத்தனை நாள் வைத்திருந்ததுதான் அநியாயம்.

ஜீவராஜ் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். "அத ஒத்துக்கிட்டீங்க. அதனால இத நம்புறேன். இந்தக் கதிர் எப்பப் போகும்?"

"ரெண்டு கிழமையில, மாப்பிள்ள."

"அது போயிரும். எனக்குள்ள இருக்கிறதுக்கு அப்பிடி நாளு சொல்லத் தெரியல, மாமி." மனைவியிடம் திரும்பினான். "நீ பேசிட்டு வா. கிட்டப் போகாத." பழப் பையை வாசலோரம் வைத்துவிட்டு, ஆட்டோவில் ஏறி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

முற்றத்தின் இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் மகள். அந்த வயிற்றைப் பார்க்கவே பேச்சியம்மாவுக்குக் கூசியது.

"எத்தன மாசம்டி?"

"அஞ்சு." பிரியந்தி ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். "பொறக்கப் போறது அவரு புள்ளம்மா. அதையாவது வீட்டுக்குள்ள சேத்துக்குவியா?"

குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பேச்சியம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.