கையெழுத்து இல்லாத மனு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கிளினிக் பெஞ்சில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னது பாதி, நானாகச் சேர்த்தது மீதி. நான் அங்கே எதற்குப் போனேன் என்பது இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலை உச்சியில் மேகம் கவிந்திருந்த அந்தக் காலையில் அருணாதேவி..."

(அடித்துவிட்டேன். இந்த ஊரில் எழுத உட்கார்ந்தாலே மலை முன்னால் வந்து நின்றுகொள்கிறது. அவளோ அதை நிமிர்ந்து பார்த்தே பல மாதம் ஆகிறது.)

2

அருணாதேவி வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில், வருகிற மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள். மூன்று பேர் பார்த்த வேலை. இருவர் போனபின் ஆள் போடவில்லை. தூக்கம் போயிற்று. குளிக்கும்போதும் மனு எண்கள் தலைக்குள் ஓடின.

அவள் கணவன் முருகவேலை முதல் பிரதியில் கல்நெஞ்சனாக எழுதியிருந்தேன். பாவம், அவன் அப்படியில்லை. "பௌர்ணமிக்கு மலைய சுத்திட்டு வரலாம், எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி ஏழு பௌர்ணமி கூடவே நடந்தான். ஏழாவது முறை நடந்துகொண்டே அவள் அழுதாள். பக்தியில் அழுகிறாள் என்று நினைத்து அவனும் கைகூப்பினான்.

3

கீழ்பென்னாத்தூர் பாஞ்சாலை பட்டா கேட்டு மூன்றாம் முறையாக வந்தார். அவருடைய போன மனுவைப் படிக்காமலே 'தீர்வு காணப்பட்டது' என்று முடித்தவள் அருணாதேவிதான். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ சாப்டியாம்மா? கண்ணு உள்ள போயிருக்குதே" என்றார் பாஞ்சாலை.

அன்று மதியமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மனநல டாக்டரைத் தேடி வந்துவிட்டாள்.

4

வாயால் சொல்ல வராது என்று தாளில் எழுதி வந்திருந்தாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்த என்னிடம் காட்டினாள். பதினோரு வருஷ ஆபீஸ் பழக்கம், அதையும் மனுவாகவே எழுதியிருந்தாள். *பெறுநர்: உயர்திரு மருத்துவர் அவர்கள். பொருள்: தூக்கமின்மை, அழுகை, வேலைக்குப் போகப் பயம் – சிகிச்சை கோருதல் தொடர்பாக.*

அனுப்புநர் இடம் காலி. கீழே கையெழுத்தும் இல்லை.

பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு மூடிக்கொண்டது. (இனி வருவது என் கற்பனை.)

"இது யாருக்குங்க?" என்றார் டாக்டர் ஓவியா.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தவங்களுக்குங்க."

"அவங்களப் பாக்காம நான் எப்படிம்மா வைத்தியம் பண்றது?"

மேசைமேல் பேனா இருந்தது. 'பேரு இல்லாத மனுவ எடுக்க மாட்டோம்ங்க' என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவள் அவள்.

5

முடிவு ஒன்று: தாளை மடித்துக்கொண்டு எழுந்து

முடிவு இரண்டு: பேனாவை எடுத்துத் தன் பெயரை

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை. அருணாதேவி என்பது நான் வைத்த பெயர். அதை நான் எழுதினால் பொய்க் கையெழுத்தாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் உள்ளே இருந்தபோதே நர்ஸ் என்னிடம் வந்து, "யாருக்குங்க பாக்கணும்?" என்றாள்.

"என் தம்பிக்குங்க. கூட்டிட்டு வரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அதனால் கதவு திறந்து அவள் எப்படி வெளியே வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

அவள் முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தம்பி கிடையாது. அதை நானேதான் போய்ச் சொல்ல வேண்டும்.