வட்டம் போட்ட பெட்டி

கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்பக்கம் என் ஆக்ரிக்கடை. பழைய இரும்பு, பித்தளை, பேப்பர், பாட்டில், எது வந்தாலும் எடைக்கு எடுப்பேன். பெயர் அய்யாசாமி. ஆனால் இங்கே கடை வைத்த தமிழன் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், அண்ணாச்சி. அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கூப்பிடுகிற வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அல்தாஃப், யூதர்கள் இருந்த ஜூதத்தெருவில் பழைய ரேடியோ, கிராமபோன் விற்கிறவன். வெள்ளைக்காரனிடம் ஒரு விலை, பெங்களூர்க்காரனிடம் ஒரு விலை, என்னிடம் ஒரு விலை. மழைக்கு முந்தின வாரம் ஒருநாள் கடைக்குள் வந்தான். வழக்கமாகக் குவியலைக் கிளறுவான். அன்றைக்குக் குவியல் பக்கமே போகவில்லை. நான் உட்கார்ந்திருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க."

"எதுக்கு?"

"நீங்க உக்காந்திருக்கிறதப் பாக்கணும்."

"பாக்கணும்னா வேணும்னு அர்த்தம். விலையச் சொல்லு, எந்திரிக்கிறேன்."

"பாக்காம எப்படி விலை சொல்றது?"

"பாக்காமத்தான் இவ்வளவு நேரம் என் காலிடுக்கப் பாத்துக்கிட்டு நிக்கிறியா?"

உள்ளே சாயா ஆற்றிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி காளியம்மை சிரித்துவிட்டாள். கடைக்குப் பின்னாலேயேதான் எங்கள் வீடு. அவள் சிரித்ததால் நான் எழுந்தேன், அவன் கேட்டதால் அல்ல.

தையல் மெஷினை மூடி வைக்கிற பெட்டி மாதிரி இருக்கும் அது. முழுக்கத் தகரம், ஒரு பக்கம் கைப்பிடி. நல்ல கனம். உயரம் எனக்கு ஏற்றதாக இருந்தது, அதனால் உடைக்காமல் உட்காரப் போட்டுக்கொண்டேன். அல்தாஃப் முட்டி போட்டு இரண்டு கொக்கியையும் தட்டினான். மூடி கழன்று வந்தது. மூடியின் உள்பக்கம் எழுத்துக் கட்டைகள். பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரை.

"அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர்."

"எனக்கும் தெரியும். மிக்ஸின்னா நெனச்சேன்?"

"இதுமேலயா இத்தன வருஷம் உக்காந்திருந்தீங்க?"

"பின்ன, தலையில வச்சுக்கணுமா?"

வேலை செய்தால்தான் விலை என்று எனக்குத் தோன்றியது. ஒயரை எடுத்துப் பிளக்கில் சொருகப் போனேன். அல்தாஃப் பாய்ந்து என் கையைப் பிடித்தான். இத்தனை வருஷம் சும்மா கிடந்ததற்கு ஒரேயடியாகக் கரன்ட் கொடுத்தால் உள்ளே புகைந்து எல்லாம் போய்விடுமாம். ஓடுகிறதா இல்லையா என்பது கடைசிக் கேள்வியாம். யாரும் உள்ளே நோண்டியிருக்கக் கூடாது, ஸ்க்ரூ பழைய ஸ்க்ரூவாக இருக்க வேண்டும், மூடிக்கும் பெட்டிக்கும் ஒரே நம்பர் இருக்க வேண்டும், அதற்குத்தான் காசாம்.

"ஓடாத வண்டிய எவன்டா வாங்குவான்?"

"ஓட்டுறதுக்கு வாங்க மாட்டாங்க. வச்சுப் பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்குக் காசா?"

"உங்களுக்குப் புரியாது அண்ணாச்சி."

புரியாது என்று எவன் சொல்கிறானோ அவனிடம்தான் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். உள்ளே பார்க்க ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும் என்றான். கழற்றுவதானால் என் கண் முன்னால் கழற்று என்றேன். கீழே பேப்பர் விரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவும் அந்தப் பேப்பரில்தான் விழ வேண்டும், ஒன்றும் பாக்கெட்டுக்குப் போகக் கூடாது. அவன் தலையில் அடித்துக்கொண்டு கழற்றினான். டார்ச் அடித்துப் பார்த்தான், மோந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. பிறகு பெட்டியைத் திருப்பினான். மலர்ந்த முகம் சுருங்கியது.

"இத யாரு கிறுக்கினது?"

பெட்டியின் பக்கவாட்டில் நீலப் பெயின்டில் எடை எழுதியிருந்தது, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"நான்தான்."

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எங்கே மோட்டார் காணாமல் போனாலும், கோயில் விளக்கு காணாமல் போனாலும், போலீஸ் முதலில் வருவது ஆக்ரிக்கடைக்கு. அதிலும் தமிழன் கடைக்கு. முன்பொரு தடவை, ஒருவன் காசு வாங்கிக்கொண்டு விற்ற மோட்டாருக்காக என்னை ஸ்டேஷனில் பகல் முழுக்கத் தரையில் உட்கார வைத்தார்கள். விற்றவன் வந்து, நான் ரிப்பேருக்கு வைத்துவிட்டுப் போனேன் என்று கூசாமல் சொன்னான். அன்றிலிருந்து என் கடையில் இது வழக்கம். பெரிய சாமான் வந்தால் விற்கிறவர் முன்னாலேயே எடை போட்டு, எடையைப் பெயின்டில் எழுதுவேன். காசு அவர் கையில் போன பிறகு வட்டம் போடுவேன். வட்டம் இல்லையென்றால் அது இன்னும் அவர் சாமான், திரும்பக் கேட்கலாம். வட்டம் விழுந்தால் என்னுடையது. மட்டாஞ்சேரியில் என்னோடு வியாபாரம் செய்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

"தின்னர் போட்டாப் போயிரும்," என்றான் அல்தாஃப்.

"போட்டுப் பாரு," என்றேன்.

அவன் பேச்சை மாற்றினான். மூடிக்குள் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. படித்துக் காட்டினான். அனந்தநாராயணன். பஜார் ரோட்டில் மிளகு ஆபீஸ் வைத்திருந்த பெரியவர், வீடு திருப்பூணித்துறையில். அவர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தபோது மகன் ஹரிநாராயணன் என்னைக் கூப்பிட்டார். இரண்டு பழைய ஃபேன், ஒரு வெந்நீர் பாய்லர், அறை நிறையப் பேப்பர், கூட இந்தப் பெட்டி. அவர் வாசலில் வைத்தே எடை போட்டேன். ஃபேனுக்கு விலை பத்தாது என்று சண்டை பிடித்தார். பெட்டிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"வெறும் பெட்டின்னா நாப்பதாயிரம்," என்றான் அல்தாஃப். "யாரு வச்சிருந்தாங்க, எதுக்கு வச்சிருந்தாங்கன்னு அந்தக் குடும்பத்துக்காரங்க வாயால வீடியோவுல சொன்னா ஒன்றரை லட்சம். பெங்களூர்ல ஆள் ரெடி."

காளியம்மை சாயா டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் வீட்டுக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் நாலு இடத்தில் உடைந்திருக்கிறது. போன மழையில் அண்டாவும் வாளியும் வைத்துக்கொண்டு தூங்கினோம்.

"அந்தப் பெரியவரு மகனக் கூப்பிடாதே," என்றேன். "சண்ட வரும்."

சரி என்று தலையாட்டினான். அன்றைக்கே கூப்பிட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிநாராயணன் காரில் வந்து இறங்கினார். என்னைவிட வயதில் இளையவர், பேங்கில் பெரிய வேலையில் இருந்தவர். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் கையைக் கூப்பினார்.

"அய்யாசாமி, என்னைத் தெரியறதா?"

"தெரியுது சார். உக்காருங்க."

பெட்டியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை. அப்பா ராத்திரியும் பகலுமாக இதன் முன்னால் உட்கார்ந்து மிளகுக் கணக்குப் போட்டது, யாரையும் தொட விடாதது எல்லாம் சொன்னார். அல்தாஃப் தலையாட்டிக்கொண்டே ஃபோனை ஸ்டாண்டில் மாட்டினான். பிறகு ஹரிநாராயணன் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒரு பைசா வேண்டாம். ஒன்றரை லட்சமும் நீயே எடுத்துக்கோ."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காத நல்லது வந்தால் நான் இரண்டு அடி பின்னால் நிற்பேன்.

"அப்ப உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"ஆவணி மாசம் அப்பாவோட நூறாவது பொறந்த நாள். பந்துக்கள் எல்லாரும் வருவா, அன்னிக்கு இந்த வீடியோவப் போட்டுக் காட்டணும். என் தங்கை சுபாஷிணி அமெரிக்காலேர்ந்து இந்த வீடியோவப் பாப்பா. அப்பாவோட கம்ப்யூட்டர் எங்கேன்னு வருஷா வருஷம் கேப்பா. பத்திரமா ஒரு எடத்துல குடுத்து வச்சிருக்கேன்னு சொல்லியாச்சு. ஆக்ரிக்குப் போட்டேன்னு தெரிஞ்சா என் மொகத்துல முழிக்க மாட்டா."

"அதனால?"

"அதனால என்ன, நான் உங்கிட்ட குடுத்து வச்சேன். நீயும் இத்தன வருஷம் பத்திரமா வச்சிண்டிருந்தே. பெரிய மனசு. அவ்வளவுதானே. அந்தப் பெயின்ட மட்டும் தொடச்சுடலாம்."

அல்தாஃப் கையில் தின்னர் பாட்டிலும் பஞ்சும் எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

"குடுத்து வச்சீங்களா சார், வித்தீங்களா?"

"இப்போ ரெண்டும் ஒண்ணுதானே."

"உங்களுக்கு ஒண்ணு. போலீஸுக்கு ரெண்டு."

"இதுல போலீஸ் எங்கேர்ந்து வந்தது?"

"எப்பவும் வர்ற எடத்துலேர்ந்துதான். நீங்க குடுத்து வச்ச சாமான்னா இன்னைக்கும் அது உங்களுது. உங்க சாமான வித்து நான் காசு எடுத்தா எனக்கு என்ன பேரு?"

"நான்தான் குடுக்கறேனே. என் சந்தோஷத்துக்குக் குடுக்கறேன்."

"உங்க சந்தோஷம் எனக்கு வேண்டாம் சார். நான் காசு குடுத்து வாங்குனது."

காளியம்மை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "ஏங்க, ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. ஆமான்னு சொன்னா என்ன தேஞ்சா போவீங்க? மேல பாருங்க, வானம் தெரியுது."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"உங்களத் திருடன்னா சொன்னாரு? நல்லவன்னுதானே சொல்றாரு."

"அன்னைக்கு மோட்டார்க்காரனும் அப்படித்தான் ஆரம்பிச்சான். அண்ணாச்சி நல்லவரு, நம்பி வச்சேன்னான். சாயங்காலம் யாரு தரையில கெடந்தா, அவனா நானா?"

அவள் கையை விட்டாள். ஸ்டேஷன் வாசலில் அன்றைக்குச் சோற்றுத் தூக்கோடு நின்றவள் அவள்தான். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் வெளியே வந்தேன். அல்தாஃப் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தான். பெட்டியின் வட்டத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

"அண்ணாச்சி, ஒரே தொடப்பு. ஒண்ணேகால் லட்சம் வித்தியாசம்."

"ஒண்ணேகால் இல்ல, ஒண்ணு பத்து. கணக்குலயும் ஏமாத்தாத. கேமராவ ஓட்டு."

"என்ன சொல்லப் போறீங்க?"

"ஓட்டுடா."

ஓட்டினான். நான் கையை எடுத்தேன். நீல வட்டம் நன்றாகத் தெரியும்படி பெட்டியைத் திருப்பி வைத்தேன்.

"என் பேரு அய்யாசாமி. மட்டாஞ்சேரியில ஆக்ரிக்கடை. இந்தப் பெட்டி மிளகு ஆபீஸ் அனந்தநாராயணன் அய்யரோடது. அவரு செத்தப்புறம் அவரு மகன் ஹரிநாராயணன் சார், இந்தா நிக்கிறாரு, இவருகிட்ட நான் எடைக்கு வாங்குனேன். அன்னைக்கு இரும்பு என்ன விலையோ அந்த விலை. அவரு வாசல்லயே எடை போட்டு, காசு குடுத்து, வட்டம் போட்டேன். யாரும் எங்கிட்ட எதையும் குடுத்து வைக்கல. நான் யாரு சாமானையும் பத்திரமா வைக்கல. இதுமேல உக்காந்திருந்தேன்."

"நிறுத்துங்கோ," என்று ஹரிநாராயணன் எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "எங்காத்து சாமான்னு நான் ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும் சார். ஸ்டேஷன் பக்கத்துலதான். நில்லுங்க, நல்ல வேட்டி கட்டிக்கிட்டு வர்றேன், சேந்தே போவோம்."

அவர் போகவில்லை. பெட்டியின் கைப்பிடியைத் தொட்டார். குரல் இறங்கிவிட்டது.

"அப்பா இருந்தா இப்படிப் பேசுவியா?"

"உங்கப்பா இருந்திருந்தா பெட்டி இங்க வந்திருக்காது சார்."

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகம்தான் என்று பட்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை. அவர் காரில் ஏறினார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

அல்தாஃப் ஃபோனைக் கழற்றிக்கொண்டே புலம்பினான். "இந்த வீடியோவ வச்சு நான் என்ன பண்ண? அந்தப் பெங்களூர்க்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சொன்னதுல எது பொய்யின்னு கேளு."

"பொய்ய எவன் கேட்டான் அண்ணாச்சி? கத கேட்டாங்க."

"இதுதான் கத. வேற கத வேணும்னா சினிமா தியேட்டருக்குப் போகச் சொல்லு."

காளியம்மை என்னோடு பேசவில்லை. சாப்பாடு வரும், பேச்சு வராது. ஆனித் தொடக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. அண்டா, வாளி, கடைசியில் இட்லிக் கொப்பரையும் வெளியே வந்தது. ஒவ்வொரு பாத்திரத்தையும் என் காதுக்குப் பக்கத்தில்தான் டங்கென்று வைத்தாள்.

ஒருநாள் அல்தாஃப் குடையோடு வந்தான். பெங்களூர்க்காரன் நாற்பதுக்குச் சம்மதித்துவிட்டானாம். ஒரே ஒரு விஷயம், பெயின்டைத் துடைத்துக் கொடுத்தால் இன்னும் ஐயாயிரம் சேர்த்துத் தருவானாம்.

காளியம்மை உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"துடைக்கிறதில்ல," என்றேன்.

"அவன் வாங்குனதுக்கு அப்புறம் அவனே துடைச்சா?"

"துடைக்கட்டும். அப்ப அது அவன் சாமான். அவன் கையால துடைக்கட்டும், என் கையால இல்ல."

அல்தாஃப் என்னை ஒரு மாதிரி பார்த்தான், பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி. காசைக் கொடுத்தான். நான் நோட்டுகளை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். அவன் ஆட்டோவில் பெட்டியை வைத்துக் கொண்டுபோனான்.

நாற்பதாயிரத்துக்கு முழுக் கூரையும் வராது. சமையல் பக்கத்துக்கும் காளியம்மை படுக்கிற பக்கத்துக்கும் புது ஷீட் போட்டாயிற்று. நான் படுக்கிற பக்கம் இன்னும் ஒழுகுகிறது. பங்கு பிரித்தவள் அவள்தான், ஆசாரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை வலுத்தால் பாயைச் சுருட்டி, சுவரோரமாகப் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். அவள் பக்கத்தில் காய்ந்த இடம் நிறைய இருக்கிறது. கூப்பிட்டால் போவேன். நானாகக் கேட்க மாட்டேன்.