அந்த ‘க்’ எங்கிருந்து வந்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதுதான். பாதிக் கதையில் நிறுத்தி, “அடிப்பாவி, நீதானா?” என்று யாரும் கேட்க வேண்டாம். எனக்குச் சட்டென்று கோபம் வரும். அந்தக் கோபத்தால் வந்த வினைதான் இது.

நான் பிழை திருத்துகிறவள். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே மூன்று அறைகளில் இருக்கும் கிறிஸ்தவப் பதிப்பகத்தில் பதினொரு வருஷமாக வேலை. முன்னறையில் மேனேஜர், நடு அறையில் நானும் கம்ப்யூட்டரும், பின்னறையில் புத்தகக் கட்டுகள். பிரசங்கத் தொகுப்பு, ஞாயிறு பள்ளிப் பாடம், காலண்டர் எல்லாம் போடுகிறோம். ஆனால் எங்கள் கடையைத் தூக்கி நிறுத்துவது சரித்திரக் காதல் நாவல்கள்தான். பாய்மரக் கப்பல், புயல், கொள்ளைநோய், கலங்கரை விளக்கத்தில் மண்டியிட்டு ஜெபிக்கிற அநாதைப் பெண், கடவுள் நம்பிக்கையைத் தொலைத்துவிட்டு அலைகிற மாலுமி. முந்நூறு பக்கத்துக்கு இரண்டு பேரும் பெருமூச்சு விடுவார்கள். முந்நூற்றோராவது பக்கத்தில் மாலுமி மனந்திரும்புவான், மறுபக்கத்தில் கல்யாணம். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஒரே பிரதியை ஒன்பது பேர் படித்துவிட்டு, பத்தாவது ஆள் வந்து பைண்டிங் சரியில்லை என்று எங்களிடம் சண்டை போடுவார்.

இதையெல்லாம் எழுதுகிறவர் எங்கள் சபையில் ஆர்கன் வாசிப்பவர். ஆர்கன்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவர் வாய் திறந்து பேசியதையெல்லாம் சேர்த்தால் அரைப் பக்கம் தேறாது, பேனாவைத் திறந்தால் முந்நூறு பக்கம். வியாழக்கிழமைதோறும் ஓர் அத்தியாயத்தைக் கையால் எழுதித் துணிப்பையில் கொண்டுவருவார். நான் தட்டச்சு செய்யும்வரை என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மாலுமி இத்தனை தடவை கண்கலங்கினால் கப்பலை யார் ஓட்டுவது என்று நான் சிவப்பு மையில் எழுதுவேன். அவர் தலையாட்டிவிட்டு அடித்துவிடுவார். பதினொரு நாவல்களில் ஒரு தடவைகூட, நான் எழுதினதுதான் சரி என்று மல்லுக்கு நின்றதில்லை. மனுஷனுக்கு முதுகெலும்பே கிடையாதா என்று பற்றிக்கொண்டு வரும். அப்புறம் அடுத்த வியாழன் எப்போது என்று காலண்டரைப் பார்ப்பேன்.

எனக்கு அவரைப் பிடிக்கும். சுற்றி வளைப்பானேன்? நாற்பத்தொரு வயதில், சோடாபுட்டிக் கண்ணாடியும் வாயைத் திறந்தால் சண்டையுமாக இருக்கிறவள் இதை யாரிடம் போய்ச் சொல்வது? நான் அவரை பிரதர் என்பேன், அவர் என்னை சிஸ்டர் என்பார். சபையில் எல்லோருக்கும் எல்லோரும் பிரதர் சிஸ்டர்தான். அந்த இரண்டு வார்த்தைகளைத் தாண்டி இத்தனை பேர் எப்படித்தான் கல்யாணம் கட்டிக்கொண்டார்களோ, அது கர்த்தருக்கே வெளிச்சம்.

இந்தச் சமயத்தில் மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. போன நாவலில் நாற்பத்து மூன்று முத்தங்கள் இருப்பதாக யாரோ ஒரு விசுவாசி உட்கார்ந்து எண்ணியிருந்தார். மேனேஜர் பயந்த சுபாவம், நிழலுக்கே வணக்கம் சொல்கிற ஆள். உடனே ஒரு தாளில் நான்கு வரி எழுதி என் மேஜையில் வைத்தார். இனி இந்தப் பதிப்பகத்தில் ‘காதல்’ வந்தால் ‘அன்பு’, ‘முத்தம்’ வந்தால் ‘ஜெபம்’, ‘காதலன்’ வந்தால் ‘சகோதரன்’, ‘காதலி’ வந்தால் ‘சகோதரி’. கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் மாற்றிவிடலாமாமே என்று வேறு கேட்டார்.

ஐயா, தமிழ் அப்படியெல்லாம் தட்டினால் வளைகிற பாஷை இல்லை என்றேன். ‘காதலிக்கிறேன்’ என்பதற்குள்ளே ஒரு ‘காதலி’ உட்கார்ந்திருக்கிறாள், அவளை மாற்றினால் மாலுமி போய் ‘சகோதரிக்கிறேன்’ என்பான். ‘நடக்காதல்லவா’ என்பதற்குள் ஒரு ‘காதல்’ ஒளிந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும், நான்கு நாள் பிடிக்கும் என்று சொல்லி, அப்படித்தான் செய்வதாகவும் இருந்தேன்.

அந்த வியாழக்கிழமை ஆர்கன்காரர் கடைசி அத்தியாயத்தோடு ஒரு துண்டுத் தாளையும் வைத்தார். சமர்ப்பணப் பக்கம். எப்போதும் அது ஒரே வரிதான்: என் தகப்பனாருக்கு. அவருடைய அப்பா முப்பது வருஷம் சபைக்குச் செயலாளராக இருந்து ஏழு வருஷத்துக்கு முன் இறந்துபோன தங்கமான மனுஷர். அதே வரிதானே என்று நானும் திரும்பிப் பார்க்கவில்லை. இவரோ காதெல்லாம் சிவந்து, பாடகர் குழுவுக்குப் பயிற்சி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்காராமலே படியிறங்கிப் போய்விட்டார். அப்புறம்தான் தாளைப் படித்தேன்.

‘என் அன்புக் காதலிக்கு. அவளுக்கே இது தெரியாது.’

பாடகர் குழுப் பயிற்சியா! அங்கேதான் அந்த உச்சஸ்தாயி இருக்கிறாளே. அது நாங்கள் வைத்த பெயர். அவள் மேல் சுரத்தைப் பிடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். முப்பது வயது, கண்ணாடி போடாத கண், பேசினால் சிரிப்பு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பதினொரு வருஷம் இவருடைய சந்திப்பிழையைத் திருத்தினவள் நான், சமர்ப்பணம் அவளுக்கா? தாளைத் தட்டச்சு செய்தேன். பிறகு ‘அனைத்தையும் மாற்று’ என்ற பொத்தானை நான்கு தடவை குத்தினேன். திரும்பி ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுகூட இல்லை.

புத்தகம் வந்தது. புயலடிக்கும் கப்பல் தளத்தில் நின்று மாலுமி, “நான் உன்னைக் சகோதரிக்கிறேன்!” என்று கத்தினான். கலங்கரை விளக்கத்துப் படிக்கட்டில் அவள் கன்னத்தில் ஆழ்ந்த ஜெபம் ஒன்றைப் பதித்தான். நாற்பதாம் பக்கத்தில் நாயகி வானத்தைப் பார்த்து, “நடக்அன்புலவா” என்றாள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் நம் ஜனங்கள் இருக்கிறார்களே! பெண்கள் ஐக்கியத்தில் விழுந்து விழுந்து படித்தார்கள். ‘நடக்அன்புலவா’ எபிரெய மொழியில் ஒரு வாழ்த்து என்று முடிவுகட்டி, எதிரெதிரே பார்த்தால் அதையே சொல்லிக்கொண்டார்கள். போதகர் ஒரு பிரசங்கமே செய்துவிட்டார்: உலகம் காதலிக்கிறது, நாமோ சகோதரிக்கிறோம். பிரசங்கம் முடிந்து “இப்போது ஒரு ஜெபம்” என்று அவர் சொன்னதும் முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. யாரோ சமர்ப்பணத்தையும் படித்துத் தொலைத்தார்கள். ‘என் அன்புக் சகோதரிக்கு. அவளுக்கே இது தெரியாது.’ அவளுக்கே தெரியாமல் ஒரு சகோதரியா? அப்படியானால் ஆர்கன்காரரின் அப்பா, அந்தப் பெரியவருக்கு இன்னொரு குடும்பம் இருந்ததா? மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போவாரே, பல் வைத்தியரிடம் என்று சொல்வாரே, இருக்கிற முப்பத்திரண்டு பல்லுக்கு முப்பது வருஷமா வைத்தியம்? இப்படிப் பேச்சு கைகால் முளைத்து நடந்தது. ஆர்கன்காரரோ மூன்று வியாழக்கிழமை பதிப்பகத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புதுச் சினேகிதம், வேலை அதிகமாயிருக்கும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காலண்டருக்கு மெய்ப்புப் பார்த்தேன்.

நான்காம் வாரம் திங்கட்கிழமை காலை, படிக்கட்டில் குடை தட்டுகிற சத்தம். ஆர்கன்காரரின் அம்மா, தமிழ் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். டீச்சரம்மா என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐம்பது வயதுக்காரர்களும் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்கள். எங்கள் மேனேஜரும் அவரிடம் பிரம்படி வாங்கினவர்தான். அம்மா உள்ளே வந்ததும் எழுந்தவர் கடைசிவரை உட்காரவில்லை. பின்னால் மகன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

டீச்சரம்மா நடு அறை நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். சமர்ப்பணப் பக்கத்தில் ஓர் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“என் புருஷனைப் பத்தின பேச்சுக்கு அப்புறம் வரேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. ‘அன்புச் சகோதரிக்கு’ன்னுதானே வரணும்? இந்த ‘க்’ எங்கிருந்து வந்தது?”

அச்சுப்பிழை என்று மேனேஜர் இழுத்தார். தன் மகன் ஏழு வயதுக்கு மேல் ஒற்றுப்பிழை விட்டதில்லை என்று டீச்சரம்மா சொன்னார். இந்த இடத்தில் ‘க’ வரிசையில் தொடங்குகிற வார்த்தை ஒன்று இருந்திருக்கிறது, அதை யாரோ தூக்கிவிட்டுச் சகோதரியை உட்கார வைத்திருக்கிறார்கள், அது என்ன வார்த்தை என்று தெரிகிறவரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. மகனைக் கேட்டால் மூன்று வாரமாக வாயில் பூட்டு. மேனேஜர் வகுப்பில் பதில் தெரியாத பையனைப்போல விழித்து, ‘கர்த்தருக்கு’ என்றார். கர்த்தருக்கே தெரியாதது என்ன இருக்கிறது என்று டீச்சரம்மா கேட்டார். மேனேஜர் கொஞ்சம் யோசித்து, ‘கிளிக்கு’ என்றார். டீச்சரம்மா குடையை இறுகப் பிடித்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார்.

வாயைத் திறந்தால் என் பொறாமை சந்தி சிரிக்கும். திறக்காவிட்டால், உயிரோடிருந்தவரை ஒருவரையும் நோகப் பேசாத ஒரு மனுஷர் செத்தபிறகு கெட்ட பெயரோடு கிடக்க வேண்டும். அந்த அம்மாவின் கண் அழுது வீங்கியிருந்தது. அதைப் பார்த்தபிறகு எப்படிச் சும்மா இருப்பது?

“காதலிக்கு,” என்றேன். “அங்க இருந்தது ‘காதலி’. நான்தான் மாத்தினேன்.”

மேனேஜரின் பட்டியல், பொத்தான், என் கோபம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். டீச்சரம்மா நெஞ்சில் கைவைத்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். புருஷன் தப்பித்தார். உடனே மகனைப் பார்த்துத் திரும்பி, யாருடா அவள் என்றார். மகன் தரையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வேறே யார், அந்த உச்சஸ்தாயிதான் என்று நானே எடுத்துக்கொடுத்தேன்.

ஆர்கன்காரர் நிமிர்ந்தார்.

“அவங்க பாடினா எனக்குக் காதுதான் வலிக்கும் சிஸ்டர்.” மேஜையில் கிடந்த சமர்ப்பணப் பக்கத்தைக் காட்டினார். “நீங்க படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு, வேண்டாம், சகோதரின்னு இருக்கட்டும்னு திருத்தி அனுப்பிட்டீங்கன்னு நினைச்சேன். உங்க திருத்தத்துக்கு நான் என்னைக்கு மறுப்பு சொல்லியிருக்கேன்?”

நான் ஒரு டியூப்லைட். எரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எரிந்ததும் அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன, கோபம்தான் முந்திக்கொண்டது. கப்பல் தளத்தில் மாலுமிக்கு மூன்று பக்க வசனம் எழுதத் தெரிகிறது, ஒரு ஸ்டூல் தூரத்தில் இருக்கிறவளிடம் ஒரு வரி சொல்ல வாயில்லையா என்று ஆரம்பித்தேன். பதினொரு வருஷம், ஐந்நூற்றுச் சொச்சம் வியாழக்கிழமை, அத்தனையும் பிரதர் பிரதர் என்று சொல்லியே என் நாக்கு தேய்ந்துபோச்சே என்றேன். கீழே சைக்கிள் கடையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

டீச்சரம்மா குடையால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“கத்தினது போதும். உனக்குச் சம்மதமா, இல்லையா?”

“சம்மதம்தான். அதுக்குத்தானே கத்தறேன்.”

ஆர்கன்காரர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜர் அப்போதுதான் தைரியம் வந்து தொண்டையைச் செருமினார். பின்னறையில் எண்ணூறு பிரதிகள் இருக்கின்றன, பெரியவர் பெயரைக் காப்பாற்ற ஒவ்வொன்றிலும் ஒரு பிழைதிருத்தச் சீட்டு வைத்தாக வேண்டும், ஆனால் என்ன ஆனாலும் ‘காதலி’ என்று இங்கே அச்சாகாது என்றார். எந்த ஆசீர்வாதத்தில் அவருக்கு அந்த யோசனை வந்ததோ, ‘மனைவி’ என்றால் தாராளமாகப் போடலாம் என்றும் சொன்னார். இன்னும் உண்மையாகாத ஒன்றை நான் அச்சுக்கு அனுப்பமாட்டேன் என்றேன். அப்படியானால் உண்மையாக்கிவிடுங்கள் என்று டீச்சரம்மா விரல்விட்டு எண்ணினார்: மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பு, நான்காவது சனிக்கிழமை கல்யாணம், அன்று மத்தியானம் சீட்டு. எழுந்து கிளம்பினவர் வாசலில் நின்று, ‘அன்பு மனைவிக்கு’, அங்கே ஒற்று மிகாது என்று என்னிடமே பாடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கா தெரியாது! வருங்கால மாமியாராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வரிக்கும் திருத்தம் போட்டுச் சீட்டைத் தட்டச்சு செய்தேன். அவர் ஸ்டூலிலிருந்து எட்டிப் படித்தார். படித்துவிட்டு, பதினொரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு மறுப்புச் சொன்னார். முதல் வரிக்கு மட்டும் திருத்தம் போதும், ‘அவளுக்கே இது தெரியாது’ என்ற இரண்டாவது வரி அவர் எழுதினபடியே சரியாகத்தானே இருக்கிறது என்றார்.

“அதுவும் தப்புங்க,” என்றேன். “எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”