தடுப்பணையின் கீழ்ப்படி

அணையின் கீழ்ப்படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலாட்டிக்கொண்டிருந்தாள் அருள்செல்வி. ஞாயிறு பூசை முடிந்து கணபதியிலுள்ள வீட்டிலிருந்து கிளம்பி, ஆனைமலை வந்து சேர உச்சிவேளையாகிவிட்டது. அந்தக் காலத்துக் கான்கிரீட் தடுப்பணை. சிமென்ட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குளிக்க வந்தவர்கள் அவற்றிலேயே சட்டைகளைக் காயப்போட்டிருந்தார்கள். கணவன் சின்னப்பராஜ் கரையில் சாப்பாட்டுப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

மகள் டெய்சியோடு இன்னொரு சிறுமியும் ஒட்டிக்கொண்டாள். காந்திபுரத்துக்காரி, பெயர் ஆஃப்ரின். அவள் அம்மா தாஜுன்னிசா கரையிலிருந்து, "ஏனுங்க, எம் புள்ளையையும் சித்த பாத்துக்குங்க. வண்டில துண்டு கெடக்குது, எடுத்துட்டு வாரேன்" என்றாள்.

"நாம் பாத்துக்கறனுங்க. நீங்க போய்ட்டு வாங்க."

சொல்லும்போதே இரண்டு பிள்ளைகளையும் பக்கத்துக்கு ஒருத்தியாகக் கைப்பிடித்துக்கொண்டாள். படி வழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். படியே போய்விடும் என்று தெரியாது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. காய்ந்த மட்டை முறிந்தாற்போல ஒன்று, அவ்வளவுதான். படி கவிழ்ந்தது. மேலிருந்து விழுந்த தண்ணீர் தலையை அமுக்க, கீழே சுழன்ற தண்ணீர் அவளைச் சுருட்டி மறுபடி மறுபடி அணைச்சுவரிலேயே கொண்டுபோய் மோதியது. இரண்டு கையிலும் இரண்டு பாரம். மூச்சு முட்டியது. ஒரு கம்பி தோளில் இடித்தது. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது.

சின்னப்பராஜும் இன்னும் நாலைந்து பேரும் வேட்டிகளை முடிந்து வீசி இழுத்தார்கள். டெய்சி இருமினாள், பிறகு அழுதாள். அருள்செல்வியின் வலக்கை காலியாக இருந்தது.

ஆட்கள் குதித்துத் தேடினார்கள். அணையின் மறுகோடியில் விஷயம் தெரியாமல் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார்கள். நழுவிப் போனாளா, நான் விட்டேனா? அருள்செல்வி நினைத்து நினைத்துப் பார்த்தாள். அந்த ஒரு நொடி மட்டும் நினைவில் வரவில்லை.

தாஜுன்னிசா வந்து எதிரே நின்றாள். அழவில்லை.

"நீங்கதானுங்களே புடிச்சிருந்தீங்க?"

"ஆமாங்க."

"ரெண்டு பேரையுமுங்களா?"

"ரெண்டு பேரையுந்தானுங்க."

தாஜுன்னிசா குனிந்து அவளுடைய வலக்கையை எடுத்துத் திருப்பினாள். மணிக்கட்டில் பிஞ்சு நகங்கள் ஆழப் பதிந்து கீறியிருந்தன. ரத்தம் துளிர்த்திருந்தது. கழுவிவிட யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

தாஜுன்னிசா அந்தக் கீறல்களைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.