முதுகுக்குப் பின்னால் இருந்த பலகை

சனிக்கிழமைகளில் கணவன் டெக்லனின் அணிக்கு மட்டைகளைச் சுமப்பதும் புள்ளி எண்ணுவதும் ஆரணியின் வேலை. கல்யாணமாகிப் பதினொரு வருடமாக இதுதான் கதி. பல் மருத்துவரான உனக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டுக் கேட்டு அவளுடைய அக்கா களைத்துப்போனாள்.

ஹர்லிங், அயர்லாந்துக்காரரின் விளையாட்டு. நுனி அகன்ற மட்டை, சின்னத் தோல் பந்து. கோல் கம்பங்களின் குறுக்குக் கட்டைக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் மூன்று. டெக்லன் பன்னிரண்டு வருடம் தன் மாவட்டத்துக்கு ஆடியவன். அவன் படம் மாட்டாத மதுக்கடை அங்கே இல்லையாம்.

அப்படிப்பட்டவனை ஓர் இறுதி ஆட்டம் கவிழ்த்துவிட்டது. கடைசி நிமிடத்தில், எதிரணியின் தவறுக்காக, அவனுக்கு ஒரு தனி அடி கிடைத்தது. ஓரத்தில் மட்டைகளோடு நின்ற அண்ணன் மார்ட்டினிடம், எத்தனை புள்ளி பின்னால் என்று கேட்டான். ஒன்று என்றான் அண்ணன். டெக்லன் மேலே அடித்தான். உண்மையில் இரண்டு; ஒரு புள்ளியால் தோற்றுப்போனார்கள். மார்ட்டின் யாருக்கோ புது மட்டை எடுக்கக் குனிந்த நேரத்தில் எதிரணி ஒரு புள்ளி அடித்திருந்தது. அண்ணன் பிழையாகச் சொன்னான் என்று டெக்லன் பத்திரிகைக்காரரிடம் சொல்ல, ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து மார்ட்டினுக்குப் பெயரே 'ஒன்று'. டெக்லன் ஒஸ்லோவுக்கு வந்து தச்சு வேலையில் சேர்ந்து, பயிற்சியாளரும் ஆனான். பத்தொன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இன்று ஒஸ்லோவின் புருசெத் மைதானத்தில் கோப்பன்ஹேகன் அணியோடு இறுதி ஆட்டம். இங்கே புள்ளிப் பலகை எல்லாம் கிடையாது. ஆரணியின் தாளும் நடுவரின் குறிப்புப் புத்தகமும்தான். கடைசி நிமிடத்தில் டெக்லனின் ஆட்டக்காரன் லதீசனுக்குத் தனி அடி கிடைத்தது. அவன் டெக்லனைப் பார்க்க, டெக்லன் ஆரணியைப் பார்த்தான்.

"ஒண்டு" என்றாள்.

டெக்லன் ஒரு விரலைக் காட்டினான். லதீசன் மேலே அடித்தான். சமன் என்று எல்லோரும் துள்ள, நடுவர் புத்தகத்தைத் திறந்து, ஒரு புள்ளியால் தோல்வி என்றார்.

ஆரணி தன் தாளைத் திரும்ப எண்ணினாள். சற்று முன் லதீசனின் மட்டை பிளந்தபோது, புதியது எடுக்க அவள் பைக்குள் குனிந்திருந்தாள். அந்த நேரத்தில்தான் எதிரணி ஒரு புள்ளி அடித்திருக்கிறது. பதினைந்து பேரும் அவளையே பார்த்தார்கள்.

"ஆரணி இரண்டு என்றுதான் சொன்னாள்" என்றான் டெக்லன் எல்லோருக்கும் கேட்க, நோர்வேஜிய மொழியில். "கவனிக்காமல் ஒரு விரலைக் காட்டியது நான்."

காருக்குள் ஏறியதும் அவள் உடைந்து அழுதாள். "ஏன் பொய் சொன்னனீங்கள்? பிழை விட்டது நான்."

அவன் தமிழ் பழகியது மாமியாரிடம். அதனால் நாய்க்குட்டிக்கும் மரியாதை கொடுத்தே பேசுவான். "அழாதேங்கோ. நீங்கள் காணேல்லை, அவ்வளவுதான். அண்டைக்கு நான் கண்டனான்."

"எதை?"

"பலகையை. இரண்டு எண்டு போட்டிருந்தது. வலைக்கு முன்னால ஏழு பேர் நிண்டவங்கள். வலைக்குள்ள அடிச்சுத் தவறினால் ஊர் என்னைத்தான் குறை சொல்லும். பலகைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு அண்ணாவைக் கேட்டனான். அவர் ஒண்டு எண்டார். அதைப் பிடிச்சுக்கொண்டன்."

ஆரணியின் அழுகை நின்றுவிட்டது. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இவன் பேச்சைக் கேட்டு, முகம் பாராத ஒரு மனிதனைப் பதினொரு வருடம் வெறுத்திருக்கிறாள். கல்யாணத்துக்குக்கூட அழைப்பு அனுப்பவில்லை.

"எடுங்கோ ஃபோனை. இப்பவே கதையுங்கோ."

"என்னத்தைச் சொல்ல?"

"எனக்குச் சொன்னதை."

அவன் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தான். நான்காவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"மார்ட்டின், நான் டெக்லன். அன்றைக்கு இரண்டு என்று எனக்குத் தெரியும். பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உன்னைக் கேட்டேன்" என்றான் ஆங்கிலத்தில்.

ஆரணி குனிந்து திரையைப் பார்த்தாள்; அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ பலகையைப் பார்த்ததை நான் கண்டேன்" என்றது கரகரத்த குரல்.

"பிறகு ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?"

"நீ சொல்லுவாய் என்று இருந்தேன்."