பரிசு வாங்கிய சந்து

சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் ஒரு கவிஞர் பிறந்தார் என்பதில் சந்துக்காரர்களுக்குப் பெரிய பெருமை. அவர் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்த அன்று எல்லோரும் கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்கள். புத்தகத்தைத்தான் ஒருவரும் படிக்கவில்லை. பரிசு வாங்கிய புத்தகத்தைப் போய் யாராவது படிப்பார்களா? பரிசு வாங்கியதோடு அதன் வேலை முடிந்தது.

கவிஞரின் அக்காவும் படிக்கவில்லை. அவள் காரணம் வேறு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். சந்தில் எல்லோருக்கும் இஸ்திரியக்கா. நன்றாகவே வாசிப்பாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே தம்பி, "இதுல நம்ம வாண்டு இருக்கான்க்கா" என்று சொல்லிவிட்டான். வாண்டு அவளுடைய ஒரே பிள்ளை. பட்டறைக் கழிவும் சாக்கடையும் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடித்து, வாந்தியும் பேதியுமாகக் கிடந்து, மூன்று வயதில் செத்துப்போனான். அவள் புத்தகத்தைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

பிள்ளை விட்டுப்போனது என்று அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், சுவரில் ஒரு குழி. சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிற பழக்கம் அவனுக்கு. அடித்தாலும் கேட்கமாட்டான், கொஞ்சினாலும் கேட்கமாட்டான். வாயெல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டு "நான் திங்கலையே" என்பான். புருஷன்காரன், பிள்ளை செத்த வருஷமே லாரியோடு போனவன், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மட்டும் அந்த ஒற்றை அறையில் இருந்தாள். சுவருக்கு வெள்ளையடிக்கிறவனிடம் குழியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவாள்.

சந்து முழுவதையும் இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மனிதர் வசிக்கத் தகுதியில்லாத இடமாம். தகுதி உண்டு என்று நினைக்கிறவர்கள் விசாரணைக்கு வந்து சொல்லலாமாம்.

சந்துச் சங்கத்தின் தலைவரான சலூன்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். "நம்ம சந்துல பரிசு வாங்கின கவிஞர் பொறந்திருக்காருய்யா! சந்தைப் பத்தியே ஒரு புத்தகம் போட்டிருக்காரு. இதைப் போய் இடிச்சிடுவாங்களா? கை வைக்கட்டும் பார்ப்போம்" என்றார். மனுவோடு அந்தப் புத்தகத்தையும் இணைத்துக் கொடுத்தார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டார்கள். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஆள் விசாரணை அதிகாரிதான்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் சங்கம் வைத்திருந்த வக்கீலுக்கு வியர்த்துக் கொட்டியது. அலைந்து திரிந்து இன்னொரு கவிஞரின் புத்தகத்தைப் பிடித்து வந்தார். சந்தில் அவருக்குப் பாலத்துக் கவிஞர் என்று பெயர். ஒரு சாயங்காலம் ரயில் பாலத்தின் மேல் நின்று சந்தைப் பார்த்தார். இறங்கி வந்து டீ குடித்தார், பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளினார், போய் எழுதிவிட்டார். நல்ல மனுஷர்தான், குறை சொல்வதற்கில்லை. மூக்கு மட்டும் அவருக்கு வேலை செய்யாது போலிருக்கிறது.

விசாரணைக்கு முந்தின நாள் தம்பி வந்தான். பத்திரிகை ஆபீசில் வேலை கிடைத்ததும் ஊரின் வேறு மூலைக்குக் குடிபோயிருந்தான். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"நாளைக்கு உன்னைத்தான்க்கா கேப்பாங்க. நான் எழுதினது பொய்னு சொல்லிடு."

"என்னடா பேசற?"

"கவிதைன்னா கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்கன்னு சொல்லிடு. நானும் ஆமாம்னு ஒத்துக்கறேன். என் பேர் போனா போகட்டும். உனக்கு வீடு இருக்கணும்."

மனசாரத்தான் சொன்னான். சரி என்று தலையாட்டினாள். வக்கீலும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். பாலத்துக் கவிஞர் எழுதியதே சரி என்று சொல்ல வேண்டும்; அதற்குமேல் மூச்சு விடக்கூடாது.

விசாரணை அறையில் மேலே ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அதிகாரி மரியாதைக்காரர். அவளை உட்காரச் சொன்னார், தன் பாட்டிலிலிருந்து குடிக்கத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஒரே சந்தும்மா. ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. படிக்கறேன், கேளுங்க."

முதலில் பாலத்துக் கவிஞருடையது.

"இங்கே சாக்கடைக்கும்
நிலாவைத் தெரியும்.
பிள்ளைகள் சிரித்தால்
சந்துக்கே விடியும்."

சலூன்காரர் "ஆகா!" என்று வாய்விட்டே சொன்னார். வக்கீல் அவர் தொடையைத் தட்டி அடக்கினார். பிறகு அதிகாரி தம்பியின் புத்தகத்தைப் பிரித்தார்.

"எங்கள் குழாயில்
தண்ணீர் கறுப்பாக வரும்.
குடித்த குழந்தை
வெளுத்துப் போகும்.
தூக்கிக்கொண்டு ஓடினேன்.
கையில் கனம்
குறைந்துகொண்டே வந்தது."

சலூன்காரர் அதைக் கேட்பதே இப்போதுதான்.

"இதுல எதும்மா உங்க சந்து?"

பதில் அவளுக்குத் தெரியும். இஸ்திரி போடும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகிய பதில். ஆனால் மனம் அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் தம்பி. அவள் செருப்புக்கூட இல்லாமல் பின்னால் ஓடினாள். கனம் குறைந்ததை அவன் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

"சொல்லுங்கம்மா. உங்க தம்பி எழுதினது பொய்யா?"

பின்வரிசையில் தம்பி ஆமாம் என்று சொல்லும்படி கண்ணால் கெஞ்சினான். பொய் என்று சொன்னால் வீடு நிற்கும், குழி நிற்கும். ஆனால் வாண்டு அந்தத் தண்ணீரைக் குடித்துச் சாகவில்லை என்று ஆகும். பின்னே எப்படித்தான் செத்தானாம்? சும்மாவா? பெற்றவள் வாயால் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"பொய் இல்லை சார்" என்றாள். "தண்ணி கறுப்பாத்தான் வந்துச்சு. என் புள்ள அதைக் குடிச்சுத்தான் செத்தான்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆனா எனக்கு வீடு வேணும் சார். தண்ணியை நல்லதா விடுங்க. வீட்டை விட்டுடுங்க."

அதிகாரிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "தண்ணி வேற இலாகாம்மா" என்றார்.

சந்தை இடிக்கலாம் என்று உத்தரவு வந்தது. தம்பி எழுதிக் கெடுத்தான், அக்கா பேசிக் கெடுத்தாள் என்று சந்து முழுக்கப் பேச்சு. நேற்றுவரை அக்கா அக்கா என்று வந்தவர்கள் அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். சலூன்காரர் மட்டும் வந்து வாசலில் நின்றார். "நான் அதை ஒருதடவை படிச்சிருக்கணும்மா. என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமான்களைக் கட்டும்போது அவள் மேல்தட்டிலிருந்து அந்தத் துணிச்சுருளை எடுத்துப் பிரித்தாள். மூட்டைமேல் உட்கார்ந்து புத்தகம் முழுவதையும் படித்து முடித்தாள். பிறகு கதவுப் பக்கம் போய்க் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

இடித்த இடத்தைச் சுற்றித் தகரம் அடைத்து, அடுக்குமாடி வீட்டுக்கு விளம்பரம் வைத்தார்கள். பெரிய படம், பல் தெரியச் சிரிக்கும் பிள்ளைகள். கீழே கொட்டை எழுத்தில், "பிள்ளைகள் சிரித்தால் சந்துக்கே விடியும்." ஒருவர் எழுதியது இடிக்க உதவியது, மற்றவர் எழுதியது விற்க உதவியது. எழுத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

அவளுக்கு ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே குழாயில் தண்ணீர் நல்லதாகவே வந்தது. முதல் நாள் ஒரு டம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குடிக்க முடியாமல் அழுதாள்.

தம்பி பார்க்க வந்தான். தாடி வளர்ந்திருந்தது. "இதை எழுதப் போறேன்க்கா. இடிச்சது, வித்தது எல்லாத்தையும். ஒருத்தனையும் விடப்போறதில்லை" என்றான்.

"எழுது. உன் எழுத்துல பொய் இல்லை. நான்தான் எல்லார் முன்னாடியும் சொன்னேனே."

அவனுக்கு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உன் பேனா மூடியெல்லாம் கடிச்சு வச்சுட்டு, மாமாதான் கடிச்சாங்கன்னு என்கிட்ட கோள் சொல்லுவானே வாண்டு. ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"சுண்ணாம்பைத் தின்னுட்டுத் திங்கலைன்னு நிப்பானே?"

"இருக்குக்கா."

"அதெல்லாம் ஏண்டா எழுதலை? புத்தகம் பூராத் தேடினேன். சாகறதுக்கு மட்டும்தான் அதுல வர்றான்."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். சட்டைப்பையிலிருந்த பேனாவை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.